குக்கர் வளர்த்த குச்சி

காய்ந்த குச்சியின் முன்னால் நின்று குரலைத் தாழ்த்திப் பேசுகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் தொப்பூர் கணவாய் ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். பெயர் குக்கர்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். இத்தனை வருஷப் பழக்கத்தில் அது என்னவென்று எனக்குத் தெரியாது. இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் பேச்சு எப்படியோ குச்சியில் போய் முடிந்தது.

நான் மருந்துக் கம்பெனி ரெப். வீடு சேலத்தில். வாரத்தில் நான்கு நாள் பைக்கில் தொப்பூர் ஏறி தர்மபுரி, காரிமங்கலம், மாரண்டஹள்ளி என்று டாக்டர்களைப் பார்த்து, எங்கள் கம்பெனியின் மூட்டு வலி மாத்திரையைப் புகழ்ந்து பேசிவிட்டு வருவது பிழைப்பு. கணவாயில் லாரிகள் உதிர்க்கிற ஆணிகளில் பாதியாவது என் டயரில்தான் ஏறும். அப்படி ஒரு பஞ்சரில்தான் அவரைப் பார்த்தேன்.

டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். எழுந்தபோது அவருடைய வலது முழங்கால் ‘டக்’ என்று சத்தம் போட்டது. லாரி டயரோ என்று திரும்பிப் பார்த்தேன். கடைக்குப் பின்னால், பாறைச் சரிவில், பழைய டயர்களை வட்டமாக வைத்து ஐந்து குச்சிகள் நட்டிருந்தார். இலை இல்லை. பூ இல்லை. முனையில் முள் மாதிரி கூர்மை மட்டும் இருந்தது.

“என்னங்க, செடியெல்லாம் பட்டுப்போச்சு போல?” என்று கேட்டேன்.

“பட்டுப்போனது உங்க டயருங்க. அது தூங்குது. மெதுவாப் பேசுங்க.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பின்னால் அழைத்துப்போய், ஒரு குச்சியின் தோலில் காகிதம் மாதிரி உரிந்து நின்ற சருகை நகத்தால் தள்ளிக் காட்டினார். உள்ளே பச்சை.

“பாத்தீங்களா? உசுரு.”

கதை இதுதான். ஒரு தடவை ராஜஸ்தானிலிருந்து சலவைக்கல் ஏற்றி வந்த லாரி ஒன்று அச்சு உடைந்து அவர் கடை வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றது. டிரைவருக்குப் பொழுது போகவில்லை. இவர் முழங்காலைத் தேய்த்துத் தேய்த்து எழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். மதுரைப் பக்கம் கடை வைத்திருக்கும் சொந்தக்காரருக்காக எடுத்துப் போன குச்சிக் கட்டிலிருந்து ஏழு குச்சியை உருவிக் கொடுத்து, தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் செலவழித்தார். “குக்குல். முட்டி. நல்லா.” பாலைவனத்தில் வளர்கிற செடி. பட்டையைக் கீறினால் பிசின் வரும். அதுதான் மருந்து. நம் நாட்டு மருந்துக் கடைகளில் குக்கில் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் குச்சி மரமாகிப் பிசின் கொடுக்க ஏழெட்டு வருஷம் ஆகும் என்கிற விவரம் டிரைவரின் தமிழில் இடம்பெறவில்லை.

பக்கத்து டீக்கடை மாதம்மா காதில் குக்குல் என்பது குக்கர் என்று விழுந்தது. “அண்ணன் குக்கர் செடி வெச்சிருக்காரு” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல, ஒரே மாதத்தில் செடியின் பெயர் ஆளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அதோடு விட்டதா? பஞ்சர் கடைக்காரர் குக்கர் பார்க்கிறாராம் என்று சுற்று வட்டாரப் பெண்கள் ஆவி கசிகிற குக்கர்களைப் பையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். முதல் நான்கு பேரிடம் கத்தினார். ஐந்தாவது ஆளிடம், “குடுங்க, பாக்கலாம்” என்று வாங்கி லாரி டியூபில் வட்டமாக ஒரு ரப்பர் வெட்டி மாட்டிவிட்டார். அந்த வீட்டில் ஒரு வாரம் சாதத்தில் டயர் வாசம் வந்ததாகக் கேள்வி. ஆனால் ஆவி கசியவில்லை.

ஏழு குச்சி ஐந்தான வரலாற்றை அவரே சொல்லமாட்டார். மாதம்மாதான் சொன்னாள். வெயிலில் காய்கிறதே என்று பரிதாபப்பட்டு, டம்ளர் கழுவிய தண்ணீரைத் தினமும் இரண்டு குச்சிக்கு ஊற்றியிருக்கிறாள். பாலைவனத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் மிஞ்சினால் வேர் அழுகிவிடும். இரண்டும் போயிற்று.

“ஒரு மாசம் என் கடையில டீ குடிக்கலைங்க. கால நொண்டிக்கிட்டு, கீழ ஒரு கிலோமீட்டர் போய் இன்னொரு கடையில கழனித்தண்ணியக் குடிச்சுட்டு வந்தாரு. தண்ணி ஊத்துனதுக்குக் கோவிச்சுக்கிட்ட மனுசன நீங்க பாத்திருக்கீங்களா?”

“அது தண்ணி இல்லீங்க, கொலை” என்றார் குக்கர் உள்ளேயிருந்து.

அவரே தண்ணீர் ஊற்றுகிற அழகைப் பார்க்க வேண்டும். கோடையில் வாரத்துக்கு ஒரு நாள், பழைய கிரீஸ் டப்பாவில் அளந்து, சொட்டுச் சொட்டாக விடுவார். மழைக்காலத்தில் லாரி தார்ப்பாயைச் செடிக்கு மேல் கட்டிவிட்டு, தான் நனைந்துகொண்டு நிற்பார். மழை விட்ட நான்காம் நாள் குச்சிகளில் பொடி இலைகள் வரும். அன்றைக்கு யார் பஞ்சர் ஒட்ட வந்தாலும் முதலில் இலையைப் பார்க்க வேண்டும். ஒன்றைக் கசக்கி மூக்கில் வைப்பார். சுகந்தமான வாசனை. “எப்படி?” என்பார். “நல்லாயிருக்குது” என்று சொல்லும் வரை சக்கரத்தைக் கழற்றமாட்டார்.

எனக்கு அவர் செடியைவிட முழங்கால் மேல்தான் அக்கறை. வருஷத்துக்கு வருஷம் சத்தம் கூடிக்கொண்டே போனது. என் பையில் மூட்டு வலி மாத்திரை சாம்பிள் கிடக்கிறது. டாக்டரைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் நீட்டுவேன்.

“அது உங்க கம்பெனிங்க. என் கம்பெனி பின்னாடி வளருது.”

ஒரு மழைக்காலத்தில் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. உட்கார முடியவில்லை. டயரை ஸ்டூல் மேல் தூக்கி வைத்து, நின்றுகொண்டே வேலை செய்தார். நானும் மாதம்மாவும் தர்மபுரி எலும்பு டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினோம். இப்படியே விட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்று பயமுறுத்தினேன்.

“இன்னும் ஒரே வருசங்க. பிசின் வரட்டும்.”

அந்த ஒரு வருஷத்துக்குள் ஒரு வியாபாரி வந்தார். நாட்டு மருந்துச் சரக்கு வாங்குகிறவர். பைக்குக்குக் காற்று அடிக்க வந்தவர் செடியைப் பார்த்து அசந்துபோனார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

“இந்தப் பசைய வெட்டுல தடவுங்க. பிசின் கொட்டும். எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன்.”

“அப்பறம் செடி என்னாவும்?”

“செடி காஞ்சுரும். செடி எதுக்குங்க, நமக்குப் பிசின்தான வேணும்?”

குக்கர் மெதுவாகக் குனிந்து, அப்போதுதான் அடித்திருந்த காற்றை இரண்டு சக்கரத்திலிருந்தும் முழுவதுமாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் ரேடியோவைப் போட்டார். வியாபாரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதை மாதம்மா இன்றும் நடித்துக் காட்டுவாள்.

எட்டாம் வருஷம் தை மாதம், ஒரு காலை நேரம் போன். “சார், இன்னிக்கிக் கீறப்போறேன். மருந்துக்காரரு நீங்க பக்கத்துல இருங்க.”

போனேன். லாரி டயரை ஒரே இழுப்பில் கிழிக்கிற கை அது. அன்றைக்குச் சவரப் பிளேடைப் பிடித்துக்கொண்டு எட்டு மணியிலிருந்து பத்தரை வரை செடியைச் சுற்றி வந்தது. ஆழமாகப் போனால் செடி செத்துவிடும். மேலாகப் போனால் பிசின் வராது. இரண்டு லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். “மாதம்மா, நீ கீறுறியா?” என்று கேட்டார்.

“அய்யோ சாமி! தண்ணி ஊத்துனதுக்கே ஒரு மாசம் பேசலை. கீறுனா என்னைய ஊரவுட்டே தொரத்திருவீங்க.”

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சாய்வாக ஒரு கோடு கிழித்தார். எல்லோரும் குனிந்தோம். ஒன்றும் வரவில்லை. டிரைவர்கள் மரியாதையாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். மறுநாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மாலை போன் வந்தது. குரலே கிசுகிசு. “சார்… வுட்டுருச்சுங்க. பொட்டு மாதிரி. மஞ்சளா.”

அந்தத் தைரியத்தில் மற்ற நான்கு செடிகளையும் கீறினார். இரண்டு வாரம் காய்ந்து கெட்டியானதும் சுரண்டி எடுத்தார். ஐந்து செடிக்கும் சேர்த்து ஒரு தீப்பெட்டி நிறையவில்லை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, தர்மபுரியில் ஒரு சித்த மருத்துவரம்மாவிடம் வந்தார். அந்தம்மா முதலில் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தீப்பெட்டியைப் பார்த்தார்.

“நல்ல சரக்குங்க. ஆனா அப்படியே முழுங்கக்கூடாது. திரிபலா கசாயத்துல போட்டுக் காய்ச்சி, வடிகட்டிச் சுத்தம் பண்ணணும். பண்ணுனா மூணு நாளைக்கு வரும்.”

“மீதி நாளைக்கு?”

“அஞ்சு செடியையும் ஒட்டக் கீறுனாலும் பத்தாதுங்க. இந்த வீக்கத்துக்கு மொதல்ல எலும்பு டாக்டரப் பாருங்க.”

குக்கர் தீப்பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வெளியே வந்து, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பினார். “எலும்பு டாக்டரு எந்தத் தெருவுலங்க?”

ஊசி, மாத்திரை, காலை நீட்டி மடக்கும் பயிற்சி, குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது என்கிற உத்தரவு. மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்தது. இப்போது உயரமான ஸ்டூலில் ராஜா மாதிரி உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறார். யாராவது காலைப் பற்றிக் கேட்டால், “குச்சி குணமாக்கிருச்சுங்க” என்கிறார்.

ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. “எட்டு வருஷமா நான் மாத்திரையை நீட்டினேன். குணமாக்கினது குச்சியா?”

“நீங்க எட்டு வருசமா நீட்டுனீங்க. நான் சாப்ட்டனா? குச்சிதான சார் சாப்பிட வெச்சுது?”

இதற்குப் பதில் சொல்ல எங்கள் கம்பெனி எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

தீப்பெட்டியில் இருந்ததை என்ன செய்வது? ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாதம்மாவின் பாய்லரிலிருந்து கங்கு எடுத்து இரும்புத் தகட்டில் போட்டு, அதன்மேல் ஒரு துண்டு பிசினை வைத்தார். கசப்பும் இனிப்பும் கலந்த புகை. மாதம்மா ஆறு தும்மல் போட்டாள். அப்போது டீ குடித்துக்கொண்டிருந்த உயரமான வடநாட்டு டிரைவர் ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். மூக்கை நிமிர்த்திக்கொண்டு, “எங்க? செடி எங்க?” என்றார்.

குக்கர் பின்னால் அழைத்துப்போனார். அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குச்சிகள் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டையைத் தடவினார். “எங்க ஊர்ல நெறைய. இப்ப இல்ல. எல்லாம் வெட்டி, வெட்டி… இல்ல” என்றார்.

குக்கர் கடைக்குள் போய்ப் பிளேடை எடுத்து வந்தார். இந்த முறை செடியைச் சுற்றவில்லை. விரல் தடிமனில் மூன்று கிளைகளை வெட்டி, உலர்ந்த சாக்கில் சுற்றி டிரைவர் கையில் கொடுத்தார். “கொஞ்சம் தண்ணி. கொஞ்சூண்டு. யார் சொன்னாலும் நெறைய ஊத்தாத” என்று சொன்னவர், சொல்லும்போது மாதம்மாவைப் பார்த்தார்.

“எதுக்குங்க இப்ப என்னையப் பாக்கறீங்க?” என்றாள் அவள், ஏழாவது தும்மலுக்கு நடுவில்.

போன மாதம் நான் புது பைக் வாங்கப் போனேன். ஷோரூம்காரர் டியூப்லெஸ் டயரைத் தட்டிக் காட்டி, “ஆணி குத்துனாலும் பஞ்சர் கடைப் பக்கமே போக வேண்டாம் சார்” என்று பெருமையாகச் சொன்னார். டியூப் வைத்த மாடல் இருந்தால் காட்டுங்கள் என்றேன்.