துறைமுகத்துக்குள் அடித்த புயல்

கடற்படையில் நெடுநாள் சேவை நன்னடத்தைப் பதக்கம் வாங்குவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பதினைந்து வருஷம் எந்தத் தப்பும் செய்யக் கூடாது; செய்தாலும் எந்த அதிகாரி கண்ணிலும் படக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் கப்பலில் இரண்டாவது வழியில் போனவர்களே அதிகம், ஆனாலும் எல்லோரும் எப்போதாவது மாட்டிக்கொண்டோம். மாட்டாத ஒரே ஆள், கப்பல் பாய் தைக்கும் ஒபடையா பாஸ்கோ. துணிக்குவியலுக்கு நடுவில் அவன் உட்கார்ந்தால் துணி எது, ஆள் எது என்று எவனுக்கும் தெரியாது.

போர்ட்ஸ்மவுத்துக்கு அட்மிரல் வருகிறார், பதக்கம் குத்த ஒரு மார்பு வேண்டும் என்றதும் கேப்டன் ஹெதர்செட் ஆள் தேடினார். பாஸ்கோ பெயரைச் சொன்னார்கள்.

"இவன் என்ன நல்லது செஞ்சிருக்கான்?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா."

"கெட்டது?"

"அதுவும் இல்லீங்க."

"அப்ப இவன்தான் பொருத்தமான ஆளு."

பாஸ்கோவுக்கு அந்தப் பதக்கம் உயிர். கரையில் மதுக்கடை நடத்தும் விதவை கெசியா ட்ரிம்பிளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். முதல் புருஷன் பொய் சொல்லியே அந்தம்மாவை ஒருவழி பண்ணிவிட்டுச் செத்துப்போனவன். ஆகவே, இவன் நல்லவன் என்று அரசாங்கமே சான்று கொடுத்தால்தான் கல்யாணம் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

பதக்கம் தரும் நாளில் நாங்கள் பாசத்தைக் காட்டித் தொலைத்தோம். கப்பலில் ஒருத்தனுக்கு நல்ல காரியம் என்றால், மற்றவர்கள் மத்தியானம் கிடைக்கும் தங்கள் பங்கு ரம்மில் ஆளுக்கு ஒரு மடக்கு தர வேண்டும். வேண்டாமென்றால் ஜென்மப் பகை. கப்பலே வரிசையில் நின்றது. பாஸ்கோ யார் மனசையும் நோகடிக்கவில்லை.

மேல்தளத்தில் அட்மிரல் ஊசியோடு வந்தபோது அவன் இப்படியும் அப்படியும் ஆடினான். குறி தவறக் கூடாதே என்று அட்மிரலும் கூடவே ஆடினார். ஒருவழியாகக் குத்திவிட்டு, கப்பல் ஏன் இப்படி ஆடுகிறது என்று கேட்டார்.

குடித்தவனுக்குப் பதக்கம் கிடையாது என்பது விதி. அட்மிரல் தவறு செய்வதில்லை என்பது அதைவிடப் பெரிய விதி. எனவே பாஸ்கோ குடிக்கவில்லை. எனவே ஆடியது கப்பல். "கடும் புயலுங்க ஐயா" என்றார் கேப்டன். வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கரையில் ட்ரிம்பிள் அம்மா வெயிலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

புயல் என்று மேலிடத்துக்கு அறிவித்தபின் சேதம் இல்லாமல் முடியுமா? தச்சனைக் கூப்பிட்டு ஒரு படகை உடைக்கச் சொன்னார்கள். சேதம் வந்தபின் கப்பலைக் காப்பாற்றிய வீரர்கள் இல்லாமல் முடியுமா? அட்மிரல் முன்னால் நின்ற பாஸ்கோ தவிர, நாங்கள் அத்தனை பேரும் காப்பாற்றினோம். ஆளுக்கொரு பதக்கம் வந்து சேர்ந்தது.

அப்புறம்தான் மேலிடத்தில் ஒரு புத்திசாலிக்குச் சந்தேகம் வந்தது. எல்லோரும் கப்பலைக் காப்பாற்றியபோது பாஸ்கோ என்ன செய்தான்? விசாரணை வைத்தார்கள்.

"சும்மா நின்னுட்டிருந்தேன் ஐயா" என்றான் பாஸ்கோ. "புயலே இல்லீங்க. நான் குடிச்சிருந்தேன்."

"நீ குடிக்கலைன்னு முடிவாயிருச்சுப்பா. இனிமே மாத்த முடியாது" என்றார் கேப்டன்.

"சரிங்க, குடிக்கல. அப்பவும் புயல் இல்லீங்களே."

"குடிக்காத ஆளு, அவ்வளவு பெரிய புயல்ல, ஒரு கயித்தக்கூட இழுக்காம நின்னிருக்க. குடிச்சிருந்தாலாவது மன்னிக்கலாம்."

கடமை தவறிய குற்றத்துக்காகப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் முகத்தைப் பார்க்க எங்களுக்கே பாவமாக இருந்தது. புதுப் பதக்கங்களைப் பளபளவென்று துலக்கிக் குத்திக்கொண்டு, அவனுக்காகப் பரிந்து பேச மதுக்கடைக்குப் போனோம்.

ட்ரிம்பிள் அம்மா எங்கள் மார்பை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இதெல்லாம் எதுக்குக் குடுத்தாங்க?"

"புயலுக்கும்மா."

"எந்தப் புயலுக்கு? அன்னைக்கு வெயில்ல எனக்கு மூக்குத் தோலே உரிஞ்சுபோச்சு."

நாங்கள் பதக்கங்களைக் கையால் மூடிக்கொண்டோம்.

"அந்த மனுஷன் நேத்தே வந்தாரு. குடிச்சேன், ஆடினேன், பதக்கம் போச்சுன்னு உள்ளத உள்ளபடி சொல்லிட்டு அழுதாரு. அந்தக் கப்பல்ல நிஜம் பேசுற ஆளு யாருன்னு கண்டுபிடிக்க இத விட நல்ல சான்று ஏதுப்பா? பதக்கம் இல்லாத ஆளப் பாத்தா போதும்."

கல்யாணம் நடந்தது. பதக்கம் குத்தியவனுக்குக் கடையில் ஒரு சொட்டு கிடையாது என்று அந்தம்மா சட்டம் போட்டாள். நாங்கள் வாசலிலேயே கழற்றிக் காலுறைக்குள் சொருகிக்கொள்கிறோம். போன வாரம் அட்மிரல் வந்திருந்தார். பாவம், அவர் பதக்கங்களோடு கோட்டு முழுவதையுமே கழற்றி வெளியே மாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.