அப்பக் கள்ளும் ஐம்பத்தேழு குடிகாரப் பிள்ளைகளும்

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்துநாலாம் ஆண்டு, வாவிக்கரையிலிருந்த அந்தச் சின்ன ஊரில் பதினெட்டு வயதுக்குட்பட்ட குடிகாரர் எத்தனை பேர் என்று மேலிடத்துக்கு அவசரமாக அறிய வேண்டியிருந்தது. அதற்கொரு படிவமும் வந்து நல்லரத்தினத்தாரின் கையில் சேர்ந்தது.

ஒருவருமில்லை என்று எழுதி அனுப்பிவிட்டுப் படுக்கலாமே என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். நல்லரத்தினத்தாருக்குத் தோன்றாது. முப்பது வருடம் கந்தோரில் கிளாக்கராக இருந்து இளைப்பாறிய மனிசன். வெறும் கட்டத்தோடு ஒரு படிவத்தை அனுப்புவது அவருக்கு வேட்டியில்லாமல் றோட்டில் போவது மாதிரி. ஒரே கிழமைக்குள் இளையோர் குடி ஒழிப்புச் சங்கத்தைத் தொடங்கி, அதற்குத் தானே காரியதரிசியுமாகி, ஒரு சனிக்கிழமை பின்னேரம் இளையதம்பியின் கள்ளுத் தவறணைக்கு எதிரே கதிரை போட்டுக் குடைபிடித்து உட்கார்ந்தார்.

பொழுதுபடுமுன் ஐம்பத்தேழு பிள்ளைகளை எண்ணிவிட்டார். எல்லாருடைய கையிலும் போத்தல். ஆகச் சின்னதுக்கு ஆறு வயது, அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தது.

விசயம் இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ஊரின் மாதா கோயிலடியில் வீட்டுக்கு வீடு அப்பம். மாவுக்குக் கள்ளு விட்டால்தான் அப்பம் பொங்கும். பெண்கள் தவறணைக்குப் போவதில்லை. ஆண்களை அனுப்பலாம், ஆனால் போனவர் எப்போது திரும்புவார் என்பது வேறு கதை. ஆகவே பிள்ளைகள் போவார்கள். இளையதம்பி பின்வாசலால் போத்தலை நிரப்பிக் கொடுத்து, "சிந்தாமக் கொண்டு போங்க" என்று துரத்திவிடுவான்.

இந்த ஒழுங்கை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் செபஸ்தியம்மாவின் குடும்பம் இதில்தான் நின்றது. அவள் கோயில் வாசலில் அப்பம் விற்பவள். அவள் புருசன் பிலிப்பு தோணிக்காரன், ஒரு காலத்தில் தவறணையே கதியென்று கிடந்தவன். ஏழு வருடத்துக்கு முன் தவசுகாலத்தில் மாதாவுக்கு முன்னால் சத்தியம் பண்ணிக் குடியை விட்டான். அந்தச் சத்தியம் தவறணைப் பக்கம் போகாத வரைக்கும்தான் என்று செபஸ்தியம்மாவுக்குத் தெரியும். அதனால் அவனைச் சுற்றுப்பாதையால் துறைக்கு அனுப்புவாள். கள்ளுக்குப் போவது பத்து வயது மகள் இமெல்டா.

ஐம்பத்தேழு என்ற இலக்கம் மேலே போய்ச் சேர்ந்ததும் மேலிடம் ஆழ்ந்த கவலை கொண்டது. கவலை கொண்டபடியால் கட்டளை வந்தது. தவறணையைச் சுற்றி இருபது யார் தூரத்தில் ஒரு வெள்ளைக்கோடு கீறப்பட வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் எக்காரணம் கொண்டும் அதைத் தாண்டுதலாகாது.

செபஸ்தியம்மா நல்லரத்தினத்தாரின் வாசலுக்குப் போனாள்.

"ஐயா, அது அப்பத்துக்குப் போற கள்ளு. புள்ளைகள் குடிக்கிறல்ல."

"குடிக்கிற எண்டு நான் எழுதல்ல தங்கச்சி. கள்ளுடன் தொடர்புடைய சிறுவர் எண்டுதான் எழுதினன்."

"அப்பம் திண்டா நீங்களும் தொடர்புதானே?"

"நான் பதினெட்டைத் தாண்டினவன்."

"அப்ப மாவுக்கு நான் என்ன செய்ற? பொம்பிளை நான் தவறணைக்குப் போறதா?"

"சீச்சீ, அது நம்மட பண்பாட்டுக்கு விரோதம். உங்கட புருசன் இரிக்கிறார்தானே?"

"அவர் குடியை விட்டு ஏழு வருசம்."

நல்லரத்தினத்தாரின் முகம் மலர்ந்தது. "குடிக்காத ஆளா? கள்ளு வாங்குறதுக்கு அவரை விடத் தகுதியான ஆள் ஊரில இல்ல."

"ஏன், நீங்க ஒருக்கா வாங்கித் தாங்களன்."

"காரியதரிசி தவறணைக்குள்ள போனா சங்கத்திட மானம் என்னாகும்?"

முதல் கிழமை அவள் இளநித் தண்ணீரைப் புளிக்கவைத்துப் பார்த்தாள். அப்பம் தட்டையாகச் சட்டியில் படுத்துக்கொண்டது. மறுகா, அடுத்த கிழமை, பேக்கரி மர்சூக்கிடம் ஈஸ்ட் வாங்கிப் போட்டாள். பாண் மணத்தோடு வந்த அப்பத்தை அரைவாசிப் பேர் திருப்பிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனிடம் போத்தலைக் கொடுத்தனுப்பினால் அரைப் போத்தலும் நூறு மன்னிப்பும் வந்து சேர்ந்தன. நாலாவது சனிக்கிழமை வேறு வழியில்லாமல் பிலிப்பிடம் போத்தலை நீட்டினாள்.

"சுறுக்காப் போய், இருக்காம வாங்க."

"என்னகா, என்னை நம்ப மாட்டியா?"

"உங்களை நம்புறன். தவறணையைத்தான் நம்பல்ல."

பாவம், அன்றைக்கு அவன் கால்மணித்தியாலத்தில் வந்துவிட்டான். வாயில் ஒரு மணமுமில்லை. செபஸ்தியம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். அடுத்த கிழமை ஒரு மணித்தியாலம் பிடித்தது. அதற்கடுத்த கிழமை வரும்போது கண் சிவந்திருந்தது.

"கள்ளு நல்லதா புளிச்சதா எண்டு பாராம வாங்கினா உன்ட அப்பம்தானே கெட்டுப்போகும்?" என்றான் பிலிப்பு. "ஒரு மிடறு வாயில வச்சுப் பாத்தன்."

"இமெல்டா ஒரு நாளும் வாயில வச்சுப் பாக்கல்லியே."

"அவ சின்னப்புள்ளை. அவவுக்கென்ன தெரியும்?"

இதே பரிசோதனை ஐம்பத்தேழு போத்தலுக்கும் நடந்தது. வாழ்நாளில் தவறணை வாசலை மிதிக்காத கோயில் பாட்டுக்காரர், சங்கத்தின் பொருளாளர் எல்லாரும் குடும்பப் பொறுப்போடு வந்து ருசி பார்த்தார்கள். இளையதம்பி வந்தவர்கள் உட்காரப் புதிதாக மூன்று வாங்கு செய்வித்தான். தகப்பன் காலத்திலும் காணாத வியாபாரம். நன்றி மறவாத பயல், வெள்ளைக்கோட்டைப் புதுப்பிக்கச் சங்கத்துக்கு ஒரு பேணி பெயின்ற் அன்பளிப்புச் செய்தான்.

நல்லரத்தினத்தார் மறுபடி கதிரை போட்டு எண்ணி, பூச்சியம் என்று எழுதினார். ஐம்பத்தேழிலிருந்து பூச்சியம்! அப்படியொரு இறக்கத்தை மேலிடம் கண்டதில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் பெரிய உத்தியோகத்தரே ஒரு வெள்ளிக் கேடயத்தோடு ஜீப்பில் வந்திறங்கினார். கோட்டுக்கு இந்தப்பக்கம் பந்தல், வாழைமரம், மாலை. பெண்களும் பிள்ளைகளும் திரண்டு நின்றார்கள். ஆண்கள் கள்ளு வாங்கப் போயிருந்தார்கள்.

பிலிப்பு போனது மத்தியானம். மாக்கரைக்கும் நேரமும் கடந்துவிட்டது. செபஸ்தியம்மா மகளை அனுப்பினாள். "ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிட்டு வா புள்ள."

இமெல்டா ஓடிவந்து வெள்ளைக்கோட்டில் கால்படாமல் நின்றாள். "அப்பா, அம்மா உங்களை வரட்டாம்," என்று கூப்பிட்டாள். உள்ளே ஒரே பாட்டுச் சத்தம். அவளுடைய குரல் எங்கே கேட்கப் போகிறது?

"இந்தப் பிள்ளை ஏன் நிக்குது?" என்று கேட்டார் உத்தியோகத்தர்.

"கோட்டைத் தாண்டாம நிக்கிது சேர்," என்றார் நல்லரத்தினத்தார்.

பின்னாலே வந்த செபஸ்தியம்மா உத்தியோகத்தருக்கு முன்னால் கைகூப்பினாள். "ஐயா, ஏழு வருசம் காத்து வச்ச மனிசன். மகள் போய்க் கையைப் பிடிச்சா எழும்பி வந்திருவார். ஒருக்கா இவளை உள்ளுக்கு விடுங்க."

உத்தியோகத்தர் இரக்கமுள்ளவர். சுற்றறிக்கையை எடுத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன வயது?"

"பத்து."

"இன்னும் எட்டு வருசம் பொறுங்க அம்மா. மறுகா ஒரு தடையுமில்லை."

கேடயத்தை வாங்க, ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த காரியதரிசியைத் தவிர, வளர்ந்த ஆண் ஒருவரும் பந்தலில் இல்லாதபடியால், சட்டத்தை மதித்து நின்ற பிள்ளைக்கே அதைக் கொடுப்பதென்று உத்தியோகத்தர் தீர்மானித்தார். அவளை விடக் கொஞ்சம்தான் சின்னது கேடயம். பெண்கள் கைதட்டினார்கள். நல்லரத்தினத்தார் ஒலிபெருக்கியில் பிள்ளையின் பெயரையும் தகப்பன் பெயரையும் மும்முறை சொன்னார்.

ஒலிபெருக்கிச் சத்தம் தவறணைக்குள்ளும் கேட்டது. தன் மகளுக்கு அரசாங்கப் பரிசு கிடைத்த சந்தோசத்தில் பிலிப்பு கண்கலங்கி எழும்பி, அங்கிருந்த அத்தனை தகப்பன்மாருக்கும் ஆளுக்கொரு கோப்பை கள்ளு வார்க்கச் சொன்னான்.