நேராக அடிக்கிற ஆம்பளை

அடுப்பில் எலும்பு சூப் கொதித்தது. கொரியாவில் எங்கள் தேஜோன் நகரத்தில் பெண்டாட்டி அண்டா நிறைய எலும்பு சூப் காய்ச்சினால், அவள் ஊருக்குக் கிளம்புகிறாள், நீ தனியாகச் சுடவைத்துக் குடி என்று அர்த்தம்.

"எங்கே பயணம்?"

"ஜேஜு தீவு. சிநேகிதிகளோட கோல்ஃப்," என்றாள் என் பெண்டாட்டி இன்சுக்.

"உன் சிநேகிதி போங்னாமுக்கு முழங்கால் வலின்னியே?"

"ஆமா, அவ வரல. நாலு பேர்ல ஒரு இடம் காலி."

பிள்ளைகள் கனடாவில். நான் ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் என்னோடு முழு வாக்கியம் பேசுவது "சாதம் தயார்" என்று சொல்லும் குக்கர் மட்டும்தான். அந்தக் காலி இடம் எனக்கே என்று சபதம் எடுத்தேன்.

"நான் வரேன்!"

"நீங்களா? குழி ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். என் மானம் போயிடும்!"

"நல்ல பட்டர் வாங்கிட்டா?"

ரொட்டியில் தடவுகிற பட்டர் இல்லை. பந்தைக் குழிக்குள் தள்ளுகிற மட்டை.

"வாங்குங்க. பார்க்கலாம்."

கடைக்கு அவளும் வந்தாள். பக்கத்திலேயே நடந்தாள். எனக்கு அதுவே பண்டிகை.

கடைக்காரர் பருத்த தலை மட்டை ஒன்றை விரல்மேல் கிடத்தினார். பந்தை அடிக்கிற அதன் முகம் கூரையைப் பார்த்தது.

"இது நேரா இழுத்து நேரா அடிக்கிறவங்களுக்கு." இன்னொன்றைக் கிடத்தினார்; அது தலை நுனியை மூக்கு மாதிரித் தொங்கப் போட்டது. "இது வளைச்சு அடிக்கிறவங்களுக்கு. சார், ஒரு அடி அடிங்க."

அடித்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் இன்சுக் முந்திக்கொண்டாள்.

"அடேயப்பா! நூல் பிடிச்ச மாதிரி நேரா அடிக்கிறீங்களே! முதல் மட்டைதான் உங்களுக்கு."

கல்யாணமானதிலிருந்து அவள் என்னைப் பாராட்டியதே இல்லை. கண் கலங்கிவிட்டது. விலையைக்கூடக் கேட்காமல் வாங்கினேன்.

கிளம்பும் நாள் காலையில் என் புது பட்டர் அவள் பையில் இருந்தது.

"அது என்னுது!"

"உங்க அடி வளையுதுங்க. இது என் அடிக்குத்தான் சரி."

"வீட்டுல வளைஞ்சு வளைஞ்சே பழகினவன் அடி வேற எப்படி இருக்கும்? சரி, அந்த நாலாவது இடம்?"

"என் தங்கச்சி வர்றா."

"அப்போ கடையில நேரா அடிக்கிறேன்னு சொன்னியே!"

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"சொன்னப்போ சந்தோஷமா இருந்துச்சா, இல்லையா?"

இருந்தது. "திரும்பி வந்ததும் இன்னொரு மட்டை வாங்கப் போலாமா?" என்று கேட்டேன்.