டோரீனுக்கு யாரோ சேதி சொல்றாங்க

ரொட்டி பாதி வாயில் இருக்கும்போது ஃபோன் அடித்தது.

இக்னேசியஸ் வெலவெலத்துப் போனான். மிச்ச ரொட்டியைத் தலையணைக்கு அடியில் சொருகினான். சம்பல் கிண்ணத்தைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். அப்புறம் சுவரைப் பார்த்துக் கத்தினான்.

"ராக்காயி அக்கா! தட்டு! சீக்கிரம்!"

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா அறைக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. இங்கே இருமினால் அங்கே தண்ணி கொடுப்பார்கள். பக்கத்துக் காம்பரா ராக்காயி தன் ராச்சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கொஞ்சம் சோறு, நிறைய வல்லாரைச் சுண்டல், அவிச்ச பயறு, நெத்தலி.

"காட்டிட்டுத் திருப்பித் தாங்க தம்பி. நேத்து நெத்தலியக் காணோம்."

"ஷ்!"

ஃபோனில் டோரீன். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. எப்போதும் போலக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தட்டக் காட்டுங்க."

காட்டினான்.

"கிட்ட. இன்னும் கிட்ட."

புருஷன் மூஞ்சியை விட அந்தத் தட்டைத்தான் அவள் அதிக நேரம் பார்த்தாள்.

"கால் எப்படி இருக்கு?"

"கால் இருக்கிறதே மறந்துபோச்சு புள்ள. இங்கேருந்து டிக்கோயாவுக்கு ஓடச் சொல்லு, ஓடுறேன்."

பொய். தேயிலை அரைக்கிற இஸ்டோரில் நாள் முழுக்க சீமெந்துத் தரையில் நின்று சாக்குத் தூக்குகிற முழங்கால் அது. பணிஸ் ரொட்டி மாதிரி வீங்கிக் கிடந்தது.

ஈஸ்டர் சமயத்தில் வாய்தவறி ஒருதரம் வலியைப் பற்றிச் சொல்லிவிட்டான். அடுத்த வாரமே டோரீன், "இங்க ஒரு டாக்டர்கிட்ட கேட்டேன்" என்று ஆரம்பித்தாள். கோதம்பமா ரொட்டி கூடாது. கருவாடு கூடாது. பொரிச்சது கூடாது. சீனியை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டு ப்ளேன்டீ குடிக்கிறது கூடவே கூடாது. கீரை, பயறு, சின்ன மீன், மஞ்சள். "ஒடம்பு பாரம் கொறைஞ்சா முட்டிக்கு லேசு. குளுசை முழுங்கினா மட்டும் ஆகாதாம்." கடைசியாக ஒன்று சொன்னாள்.

"இந்த வலி கொறையலன்னா நான் எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவேன். சொல்லிட்டேன்."

அதுதான் அவனைப் பயமுறுத்தியது. டோரீனின் பாஸ்போர்ட் அந்த வீட்டம்மா கையில். கீழே பணிய லயத்து ஜீவராணி இப்படித்தான் வெளிநாட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். வேலையும் இல்லை, வீடும் வரவில்லை. எந்த ஊரில், எந்த அறையில் கிடக்கிறாள் என்று மாசக்கணக்காக யாருக்கும் தெரியவில்லை. டோரீனுக்கு அந்த கதி வரக்கூடாது. அப்படியென்றால் இக்னேசியஸ் முழங்கால் குணமாகணும். குறைந்தது, வாயாலாவது.

"சரி" என்றாள் டோரீன். ஃபோனை வைக்கப் போனவள் நிறுத்தினாள். "காலையில எழும்பினதும் மொத அடிய சுவரப் புடிச்சிக்கிட்டுத்தானே வைக்கிறீங்க? அப்புறம் நடக்க நடக்க எளகுதுதானே?"

தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு நெத்தலி கீழே விழுந்தது.

அது நிஜம். ஆனால் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

யாரோ சேதி சொல்கிறார்கள்!

ஃபோனை வைத்துவிட்டு அவன் மெதுவாகச் சுவரைப் பார்த்தான். கூரை வரைக்கும் போகாத சுவர்.

"அக்கா, நாளையிலேருந்து தட்டு வேணாம்."

"ஏன் தம்பி?"

"ஏன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"எனக்கு என்னாத்தத் தெரியும்? என் நெத்தலி போனதுதான் தெரியும்!"

மறுநாள் தட்டுக்கு எங்கே போக? கீரை விற்கிறவன் வரவில்லை. இக்னேசியஸ் லயத்துக்குப் பின்னால் போனான். மலை முழுக்கப் பச்சை. ஒரு கை தேயிலைக் கொழுந்தைக் கிள்ளி வந்து அவித்து, தேங்காய்ப்பூ தூவித் தட்டில் வைத்தான். தூரத்தில் பார்த்தால் கீரைதான்.

"என்னா கீரை அது?" என்றாள் டோரீன்.

"மலைக் கீரை."

"சாப்பிடுங்க பாப்போம்."

"அப்புறமா..."

"இப்ப."

தின்றான். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணில் தண்ணி வந்தது. டோரீன் கண் எடுக்காமல் பார்த்தாள்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள். குரல் ஏனோ ஏக்கமாக இருந்தது.

"தேன் மாதிரி இருக்கு."

அத்தனை கொழுந்து உள்ளே போனால் தூக்கம் வருமா? நெஞ்சு படபடவென்று விடிய விடிய அடித்தது. முழங்காலும் சேர்ந்து குத்தியது. மறுநாள் டோரீன் ஃபோனில் வந்ததுமே, "தூங்கலதானே? முட்டிக்கு அடியில ஒரு துணியச் சுருட்டி வச்சிப் படுங்க. கொஞ்சம் தாங்கும்" என்றாள்.

இக்னேசியஸ் காம்பராவைச் சுற்றிப் பார்த்தான். அவனும் அந்தோனியார் படமும்தான்.

இஸ்டோரில் கூட வேலை செய்கிற செல்லசாமியிடம் சொன்னான். செல்லசாமி சாக்கைக் கீழே வைத்தான்.

"ராக்காயி இல்லண்ணே. ஃபோனுதான்."

"ஃபோனா?"

"இப்ப உள்ள ஃபோனுக்கு நம்ம பேசாட்டியும் காது கேக்கும். கட் பண்ணினாலும் கண்ணு தெறந்துதான் இருக்கும். நீங்க நொண்டுறத அது பார்த்துக்கிட்டே இருக்கு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஃபோனை ரொட்டி மா டின்னுக்குள் புதைத்து மூடினான். நிம்மதியாக நொண்டினான். சத்தம் போட்டு, "அம்மாடி, ஆத்தாடி" என்றான். டின்னுக்குள் ஃபோன் அடித்தது கேட்கவில்லை. ராக்காயிதான் சுவருக்கு மேலே கத்தினாள்.

"தம்பி, ஒங்க மா டின்னு பாட்டுப் பாடுது!"

பதறியடித்து எடுத்து, ஊதித் துடைத்து, காதில் வைத்து, கண்ணுக்கு முன்னால் பிடித்தான்.

டோரீன் ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"மூஞ்சி பூரா மா" என்றாள். "ரொட்டி சுட்டீங்களா?"

"இல்ல புள்ள! அந்தோனியார் மேல சத்தியமா! ஃபோன மா டின்னுல..."

"ஃபோன ஏன் மா டின்னுல போட்டீங்க?"

செய்யாத ஒரே தப்புக்கு அவன் பிடிபட்டிருந்தான்.

டோரீன் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். கண்ணைத் துடைத்தாள். "என்னால முடியல. ஒழுங்கா சாப்பிட்டா சரியாகும்னு நம்பிக்கிட்டு இருக்கேன். நீங்களே இப்படிப் பண்ணினா நான் யாரப் பார்த்து நம்புறது? நான் வந்துடுறேன்."

"வராத! வராத டோரீன்! இனி ஒழுங்கா சாப்பிடுறேன்!"

இந்தத் தரம் பொய் இல்லை. எங்கிருந்தோ ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதை ஏமாற்ற முடியாது. ராக்காயியிடம் மன்னிப்புக் கேட்டு வல்லாரை ஆய்வது எப்படி என்று கற்றுக்கொண்டான். மா டின்னையும் அவளிடமே கொடுத்தான். ப்ளேன்டீயைச் சீனி இல்லாமல் குடித்தான். முதல் வாரம் உலகமே கசந்தது. டோரீன் தினமும் தட்டைப் பார்த்தாள். "மஞ்சள் கொஞ்சம் கூடப் போடுங்க" என்றாள். பார்த்துக்கொண்டே அவளும் ஏதோ மென்றாள்.

தோட்டத்துக் கோயில் தேர் முடிந்த வாரம் ஒரு காலையில் இஸ்டோர் படிக்கட்டில் பாதி ஏறிய பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. இன்றைக்கு அவன் யாரையும் திட்டவில்லை. கைப்பிடியையும் பிடிக்கவில்லை. வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் படிக்கட்டு வெறும் படிக்கட்டாக இருந்தது.

ஓடிப்போய்ச் சொல்லணும் போல இருந்தது. இவ்வளவு நாளில் முதல்தரம், அவனாகவே டோரீனுக்கு ஃபோன் போட்டான். பொய்யையெல்லாம் ஒத்துக்கொண்டு, அந்த உளவாளி யாரென்றும் கேட்டுவிடணும்.

எடுத்தது டோரீன் இல்லை.

"அண்ணனா? நான் தனுஷிகா. ராகலை ஊர்ப் புள்ள. அக்காகூட இந்த வீட்டுலதான் வேலை. அக்கா மாடியில இருக்கு, எறங்கி வர கொஞ்ச நேரம் ஆகும்."

"பரவாயில்ல தங்கச்சி. நீயே சொல்லு. என் முட்டி வலியப் பத்தி ஒங்க அக்காவுக்கு யாரு சேதி சொல்றது? சுவரப் புடிச்சி நடக்கிறது, ராத்திரி தூங்காதது, எல்லாம் தெரியுதே!"

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ படி இறங்குகிற சத்தம் கேட்டது. ஒரு படி. நிறுத்தம். இன்னொரு படி.

"யாரும் சொல்லலண்ணே, அதெல்லாம் அக்காவோட முட்டி வலி, டாக்டர் அதுக்குச் சொன்ன சாப்பாட்ட இங்க யாரு குடுக்கிறா, ஒங்க தட்டப் பார்த்துக்கிட்டுத்தான் அக்கா தெனம் வெறும் குபூஸ் ரொட்டியத் திங்குது."