எல்லாவற்றுக்கும் ஆம்

இன்னும் சரியாக இருபத்திரண்டு மணி நேரம். நாளைக் காலை பத்து மணிக்கு மனைவிக்கு லேப்டாப் வழியாக நேர்முகத் தேர்வு. பதினோரு வருடம் வீட்டோடு இருந்தவள் மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். லேப்டாப்போ பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மயங்கி விழுந்துகொண்டிருந்தது.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் லீவு சொல்லிவிட்டுக் களத்தில் இறங்கினார். விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டால் கிழட்டு லேப்டாப்பும் எழுந்து ஓடும் என்று மைத்துனன் சொல்லியிருந்தான். லினக்ஸை இறக்கி, பென்டிரைவில் போட்டுச் செருகினார். அசையவில்லை. கோபத்தில் பிடுங்கியதில் பென்டிரைவின் கழுத்து வளைந்தது.

"மாப்ள, ஒண்ணுமே வரலடா!"

"சும்மா காப்பி பண்ணா எப்படி மாமா வரும்?" என்றான் மைத்துனன் ஃபோனில். "அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. அத வச்சு எழுதினாத்தான் லேப்டாப் அதுலேருந்து கிளம்பும். வேற பென்டிரைவ் எடுங்க."

படுக்கையறைக் கதவைத் தட்டினார். கதவு இரண்டு விரல் அகலம் திறந்தது. படிய வாரிய தலையோடு மனைவி, கையில் ஃபோன். அவர் 'பென்டிரைவ்' என்று சொல்லி முடிப்பதற்குள் தன்னுடையதை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பாவம், ஒத்திகை பார்க்கிறாள்.

அதைச் செருகி மைத்துனன் சொன்ன சாஃப்ட்வேரை ஓட்டியதும், 'இதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், சரியா?' என்றது திரை. நாளெல்லாம் பொத்தான் அழுத்திப் பழகிய விரல் 'ஆம்' என்றது. அப்புறம்தான் உறைத்தது. அவளுடைய சான்றிதழ்களின் ஸ்கேன் காப்பிகள் அதில்தான் இருந்தன; அசல்கள் ஊரில்.

"லேப்டாப்ல இன்னொரு காப்பி இருக்கும்ல மாமா?"

இருந்தது. எடுக்கப் போனால் லேப்டாப் மறுபடி மயங்கிக் கிடந்தது; அணைத்துப் போட்டார். செருகியபடியே இருந்த பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஜம்மென்று கிளம்பியது. 'லேப்டாப் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவவா?'

விரல் முந்திக்கொண்டது.

ஐந்து மணிக்கு லேப்டாப் குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி பளபளத்தது. உள்ளே ஒரு துரும்பு இல்லை.

மனைவி டீயை வைத்தாள். "மெதுவாவே பண்ணுங்க, என்ன அவசரம்?" என்று அவர் தலையைக் கலைத்துவிட்டுப் போனாள். அவர் டீயைத் தள்ளி வைத்துவிட்டு மைத்துனனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, ரெண்டு காப்பியும் போச்சுடா. அவ ஆசையையே அழிச்சுட்டேன். நீயே அக்காகிட்ட பக்குவமா சொல்லிடேன்."

மறுமுனையில் மைத்துனனுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"மாமா, இதுக்கு மேல எனக்குத் தாங்காது. ஆஃபீஸ்காரங்க அக்காவ மத்தியானமே கூப்பிட்டு, ஃபோன்லயே இன்டர்வியூ முடிச்சு, வேலையும் குடுத்துட்டாங்க. 'எனக்காக அந்த மனுஷன் லீவு போட்டதே இதுதான் முதல் தடவ, அவர் முடிக்கிற வரைக்கும் மூச்சு விடாத'ன்னு அக்காதான் சத்தியம் வாங்கிட்டாங்க!"