கொசு அக்காவும் என் ஆறு புள்ளி எட்டும்

திருத்தணியில் முருகனுக்குப் பயப்படாதவர்கள் சிலர் இருக்கலாம். கொசு அக்காவுக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. முருகன் மலைமேல் இருக்கிறார்; நாமாகப் படியேறிப் போனால்தான் நம்மைப் பார்ப்பார். கொசு அக்கா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுப்பவர். நாம் சும்மா கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போனாலும் பார்த்துவிடுவார். பார்த்தால் கத்துவார்.

அவருடைய நிஜப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. ரத்தம் எடுப்பதால் கொசு. யாரோ வைத்த அந்தப் பட்டத்தில் அவருக்குப் பெருமை வேறு. "கொசு சொல்லாம குத்தும். நான் சொல்ட்டு குத்துவேன். அவ்ளோதான் வித்தியாசம்" என்பார். புடவைமேல் ஒரு வெள்ளைக் கோட்டு, கொண்டையில் செருகிய பேனா, லவுட் ஸ்பீக்கரை விழுங்கிய தொண்டை. இதுதான் கொசு அக்கா.

அவருக்கு மனிதர்களின் பெயர் நினைவில் நிற்காது. ஹீமோகுளோபின்தான் நிற்கும். "ஏ பதினொண்ணரை! இன்னா இந்தப் பக்கம்?" என்று ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். அரக்கோணம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து, "ஒம்போது! மாத்திரைய முழுங்கிகினு கீறியா, ஜன்னலுக்கு வெளிய வீசிகினு கீறியா?" என்பார். மொத்த பஸ்ஸும் யார் அந்த ஒன்பது என்று திரும்பிப் பார்க்கும். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். ரத்தம் ஏறினால் பெயரும் ஏறும் என்பது மட்டும்தான் ஒரே ஆறுதல்.

பேசும்போது அவர் எதிராளியின் முகத்தைப் பார்க்கமாட்டார். கட்டைவிரலால் கண்ணின் கீழ் இமையைப் பிடித்து இழுத்து, உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். வணக்கம் சொல்வதே அப்படித்தான். ஒரு கல்யாணத்தில் மேடை ஏறி, அட்சதை போட்ட கையோடு மணப்பெண்ணின் இமையை இழுத்துவிட்டார். அந்த வீட்டுக் கல்யாண வீடியோவில் தாலி கட்டியதற்கு அடுத்த காட்சி அதுதான்.

அவர் கணிப்பு எப்போதும் பலிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு லாரி டிரைவரின் இமையை இழுத்துப் பார்த்து, "அடேங்கப்பா, இன்னா ரத்தம்! இவரு ஒருத்தரு ஊருக்கே குடுக்கலாம்" என்று அறிவித்தார். அவருக்கு மெட்ராஸ் ஐ. அதே கையோடு பார்க்கிறவர்கள் இமையை எல்லாம் இழுத்து, அந்த வாரம் பாதி ஊரைக் கறுப்புக் கண்ணாடி போட வைத்தார். "காத்துல வருது, நான் இன்னா பண்றது?" என்று சாதித்தார்.

இப்பேர்ப்பட்டவரிடம் நான் மாட்டிய கதையைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை. சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மலை அடிவாரத்தில் எங்கள் நைனாவுக்குப் பூஜை சாமான் கடை. காலேஜ் முடித்துவிட்டு நான்தான் கடையில் உட்கார்ந்திருந்தேன். கற்பூரம், ஊதுவத்தி, என் முழங்கைக்குப் பக்கத்தில் விபூதி மூட்டை. நான் அந்த விபூதியைத் தின்றேன். நெற்றியில் இட்டுக்கொண்டு மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்கிற சமாசாரம் இல்லை இது. கட்டி கட்டியாக, கடக் கடக்கென்று, யாரும் பார்க்காதபோது தின்றேன். புது மழை பெய்த மண்ணின் வாசம் அடிக்கும். நாக்கில் ஊறும் எச்சிலை அடக்க முடியாது. தின்று முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, சீ, நீயெல்லாம் ஒரு பெண்ணா, சாமி பொருளைத் திருடித் தின்கிறாயே என்று என்னையே திட்டிக்கொள்வேன். அடுத்த நிமிஷம் கை தானாக மூட்டைக்குப் போகும்.

மூட்டை குறைவதைப் பார்த்து நைனா எலிமேல் சந்தேகப்பட்டார். பொறியில் மசால் வடை வைத்தார். மறுநாள் வடை அப்படியே இருந்தது.

"வடையத் தொடல, விபூதியத்தான் தின்னுது" என்று நைனா வியந்தார். "கிருத்திகை விரதம் இருக்குதோ இன்னாவோ. நம்ம ஊரு எலிக்கு இருக்குற பக்தி மனுசனுக்கு இல்லடி."

எலி பக்கத்தில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தது.

அம்மா என் உதட்டில் வெள்ளையைப் பார்த்துவிட்டு, மகள் பழுத்த பக்தையாகிவிட்டாள் என்று தெருவெல்லாம் சொன்னாள். அந்தப் பெருமையோடுதான் அம்மையார்குப்பத்திலிருந்து எனக்கு ஒரு சம்பந்தப் பேச்சு வந்தது. தறி வைத்திருக்கும் குடும்பம். பையனின் அம்மா எங்களுக்குத் தூரத்து உறவில் அத்தை முறை. படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கியதையும், மாதாமாதம் உதிரம் கட்டுக்கடங்காமல் போனதையும் நான் அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை. எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் இருக்கும், நமக்கு மட்டும் தாங்கத் தெரியவில்லை என்று வெட்கப்பட்டேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிகளும் பம்பையும் எங்கள் கடை வாசலை அடைத்துக்கொண்டு போயின. காலையிலிருந்து நின்றுகொண்டே வியாபாரம். சாமி கும்பிடுகிற சாக்கில் பெண் பார்க்க அத்தையும் வந்திருந்தார். அவருக்குக் கற்பூரம் எடுத்துக் கொடுக்கத் திரும்பியபோது கண் இருட்டியது. வாயில் அப்போதுதான் ஒரு முழுக் கட்டியை அடக்கியிருந்தேன். அப்படியே சரிந்தேன். வாயிலிருந்து விபூதி கொட்டியது.

"அரோகரா! வாயில விபூதி வருது பாரு! முருகன் வந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

கண் விழித்தபோது அம்மா என் காலில் விழுந்துகிடந்தாள். அத்தை கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். ஒருவர் பயபக்தியோடு குனிந்து, "தாயே, எம் பையன் ஃபாரின் போவானா?" என்று கேட்டார்.

எனக்கு நாக்கு வறண்டிருந்தது. "தண்ணி..." என்றேன்.

"தண்ணில கண்டமாம்! பையன சரவணப் பொய்கைப் பக்கம் வுடாத!" என்று பின்னாலிருந்து விளக்கம் வந்தது. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அப்போது கூட்டத்தை முழங்கையால் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோட்டு வந்தது. கட்டைவிரல் என் கீழ் இமையை இழுத்தது.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல! ரத்தம் இல்ல! காயிதம் கணக்கா வெளுத்துகினு கீது. எழுப்பி லேபுக்கு இஸ்துகினு வாங்க!"

அந்தக் கணம் முருகா, என்னை நிஜமாகவே வந்து தூக்கிக்கொண்டு போய்விடு என்று வேண்டிக்கொண்டேன். உண்மை வெளியே வந்தால் நைனாவின் கடைப் பெயர் போகும். ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட அம்மாவின் மானம் போகும். அத்தை வந்த வழியே அம்மையார்குப்பம் திரும்பிவிடுவார். வெளியே வராமல் தடுக்க முடியுமா? என்னை இழுத்துக்கொண்டு போகிறவர் கொசு அக்கா.

லேபில் பெஞ்சு நிறைய ஆட்கள். அம்மா, "முருகன் எறங்கின பொண்ணு, கொஞ்சம் வழி வுடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அத்தையும் பின்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

கொசு அக்கா ரப்பர் பட்டையைக் கட்டினார், சொன்னார், குத்தினார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து முழக்கம்: "ஆறு புள்ளி எட்டு!"

பெஞ்சு உச்சுக் கொட்டியது. கொசு அக்கா வெளியே வந்து, என் நைனாவின் தொழிலை வைத்தே எனக்குப் பாடம் எடுத்தார். "கடையில இருக்குற சரக்கு கணக்கா இது ரத்தத்துல ஓடுறது. குடோன்ல எவ்ளோ இரும்பு கீதுன்னு பாக்க தனியா ஒரு டெஸ்ட்டு, ஃபெரிட்டின்னு பேரு. அத்த மெட்ராசுக்கு அனுப்புறேன். ஆனா இப்பவே சொல்றேன், உன் குடோன் காலி." பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "சோறு கேக்கல. யாருக்கும் தெரியாம இன்னா திங்கிற?"

எனக்குக் காது எரிந்தது. தலை தொங்கிவிட்டது. கண்ணீர் மடியில் சொட்டியது. அவர் என் கையைத் தூக்கி நகக்கண்ணைப் பார்த்தார். அதில் வெள்ளையாக விபூதி. என் முகத்தைப் பார்த்தார். இமையை அல்ல, முகத்தை.

திரும்பி நின்று பெஞ்சைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்.

"ஆம்பளைங்க எல்லாம் போயி டீ குடிச்சிட்டு வாங்க! எழுந்துருங்க, எழுந்துருங்க! பொம்பளைங்க கேட்டுக்கோங்க. நான் செங்கல் தின்னவ! எங்க அப்பன் வீடு கட்ட எறக்குன செங்கல்ல பாதிய காணோம். எங்க போச்சு? இங்க!" என்று வயிற்றில் படீரென்று அடித்துக்கொண்டார். "ரத்தம் இல்லன்னா நாக்கு கண்டதையும் கேக்கும். அது நோவு, திருட்டு இல்ல. இப்ப சொல்லுங்க, யாரு யாரு இன்னா தின்னீங்க?"

மூலையில் ஒரு பெண், "பலப்பம்" என்றாள். "பசங்க டப்பாவுலர்ந்து." இன்னொருத்தி அடுப்பு மண் என்றாள். ஒரு டீச்சரம்மா பச்சரிசி என்று முனகினார்.

எல்லோருக்கும் கடைசியாக அத்தை தொண்டையைச் செருமினார். "தறியில பாவு நூலுக்குக் கஞ்சி போடுவோம் இல்ல? அது காஞ்சி உதிரும். அத்த சுரண்டி..." என்று நிறுத்தி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "இன்னிக்குக் காலையில கூட."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். கொசு அக்கா சொன்னார், குத்தினார், உள்ளே போனார். "ஆறரை! மருமவளுக்கும் கீழ மாமியா!"

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "நான் விபூதி" என்றேன். மாதாந்திர விஷயத்தையும் சேர்த்துச் சொல்லி அழுதேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கிட்டே வந்து என் வாயோரம் ஒட்டியிருந்த வெள்ளையை முந்தானையால் துடைத்தாள். "நைனாகிட்ட எலின்னே இருக்கட்டும்" என்றாள்.

டாக்டர் என் உதிரப்போக்குக்கு மருந்து கொடுத்தார். இரும்புச் சத்தை முதலில் ஊசியாக ஏற்றி, பிறகு மாத்திரை எழுதினார். நாக்கு அடங்கியது. அத்தை மாமியாரானார். பச்சரிசி தின்ற பெண்ணுக்குக் கல்யாணத்தில் மழை வரும் என்பார்களே, விபூதிக்கும் வரும் போலிருக்கிறது. அப்படிக் கொட்டியது. பந்தலில் எல்லோரும் என்னைப் பார்க்க, கொசு அக்கா நனைந்துகொண்டே, "நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லலப்பா!" என்று கத்தினார். தெரியாதவர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்துபோனது.

இன்றும் திருத்தணி போனால் மாமியாரும் நானும் ஜோடியாகப் போய்க் கை நீட்டிவிட்டு வருவோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "ஏ பன்னெண்டு! கூட பதினொண்ணு எங்க?" என்று குரல் வரும்.

போன மாதம் குரல் வரவில்லை. லேபில் கொசு அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேஜைக்கு எழுந்து போனதற்கே மூச்சு வாங்கியது. கோட்டுப் பையின் ஓரத்தில் சிவப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். செங்கல் துண்டு.

அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றப் புளுகினார் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

நான் அவருடைய இமையை இழுத்துப் பார்த்தேன். காகிதம். "அக்கா, நீங்க டெஸ்ட் எடுத்துகினதே இல்லியா?"

"எனக்கு எவ குத்துவா? அதுவும் இல்லாம..." என்று இழுத்தார். எனக்கு அந்த முகம் தெரியும். பெஞ்சில் தலை தொங்க உட்கார்ந்திருந்தபோது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

அங்கே புதிதாக வேலைக்கு வந்திருந்த டெக்னீஷியன் பெண்ணைக் கூப்பிட்டேன். ஊசி இறங்கும்போது ஊரையே குத்திய கொசு அக்கா என் கையை நெரித்தார். பிறகு அந்த டெக்னீஷியன் உள்ளே போக, என்னை அருகில் இழுத்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்:

"நம்பர மட்டும் அவள கத்த வோணாம்னு சொல்லும்மா."

நானே உள்ளே போய் எண்ணைப் பார்த்து வந்தேன். பெஞ்சு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குனிந்து அக்காவின் காதில் மட்டும் சொன்னேன். உங்களுக்கும் சொல்லமாட்டேன்.