ஒரு தடவைதான் கேட்பார்கள்

"வேண்டாம்" என்று ஹூஷங் சொன்னது மரியாதைக்கு. இங்கிலாந்து அகதிகள் அலுவலக அதிகாரி ஜிலியன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது சட்டப்படி.

"லீட்ஸ் நகரத்துல உங்களுக்குத் தனி ரூம் ஒதுக்கியிருக்கு. போறீங்களா?" என்றுதான் அவள் கேட்டாள்.

"ஐயய்யோ, எனக்கு எதுக்கு மேடம் தனி ரூம்? கஷ்டப்படறவங்க யாருக்காவது குடுங்க."

ஈரானில், ரஷ்த் நகரத்தில் பிறந்த மனிதர் முதல் தடவையே ஆமாம் என்று சொல்லிவிட மாட்டார். கேட்பவர் வற்புறுத்த வேண்டும். இவர் மறுக்க வேண்டும். மூன்றாவது தடவை "உங்க மனசு நோகக் கூடாதே" என்று இழுத்துக்கொண்டே ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே ரொட்டிக் கடைக்காரர்கூட முதலில் காசு வேண்டாம் என்றுதான் சொல்வார். இருவருக்கும் நடுவே போனில் இருந்த மொழிபெயர்ப்பாளருக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

ஹூஷங் இரண்டாவது அழைப்புக்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். ஜிலியன் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஹோட்டல் அறையில் அவரோடு தங்கியிருந்த எரித்ரியாக்காரன் ஹப்தோம் ஆவலாகக் கேட்டான். "ரூம் கிடைச்சுதாண்ணே?"

"இன்னும் ரெண்டு தடவை கேப்பாங்க தம்பி."

"யாரு?"

"அந்த மேடம்தான்."

"அண்ணே, உனக்குக் கிறுக்கா? புதுச் சட்டம் தெரியாது?"

அகதிகளை வருஷக்கணக்கில் ஹோட்டலில் வைத்துச் சோறு போடுவதா என்று இங்கிலாந்து முழுக்கக் கத்தியதால், அரசாங்கம் எல்லாவற்றையும் அதிரடியாகச் சீர்திருத்தியிருந்தது. இனி ஒரே அதிகாரி, ஒரே மேஜை. தங்க இடமும் அங்கேயே, இந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்ற முடிவும் அங்கேயே. இடத்தை ஒரு தடவைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றவருக்கு ஹோட்டலும் கிடையாது.

ஹூஷங் பதறியடித்துக்கொண்டு மறுநாள் ஜிலியனிடம் ஓடினார். ஜிலியன் கெட்டவள் அல்ல. அவரைச் சமாதானப்படுத்த ஏதாவது சொல்ல நினைத்தாள். "உங்க மஃப்ளர் அழகா இருக்கு."

அவர் மனைவி பின்னிக் கொடுத்தது. இருந்தாலும் சட்டென்று கழற்றி மேஜைமேல் வைத்தார். "இது உங்களுக்குத்தான். தயவுசெஞ்சு எடுத்துக்கங்க."

அவள் "வேண்டவே வேண்டாம்" என்று மறுப்பாள், திருப்பிக் கட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். லஞ்சம் கொடுக்க முயன்றதாகப் பதிவானது.

"அதை விடுங்க" என்றாள் ஜிலியன், நிஜமான பரிவோடு. "ஊருக்குத் திரும்பிப் போனா உங்களுக்கு ஆபத்து இருக்கா?"

அவளுடைய களைத்த முகத்தைப் பார்த்தார் ஹூஷங். "உங்க வேலைப் பளுவுக்கு முன்னாடி என் கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமா மேடம்?"

ஆபத்து இல்லை என்று பதிவானது.

உண்மையில் அவர் அரசாங்கத்துக்கு எதிரான துண்டுப்பிரசுரம் அச்சடித்தவர். கூட வேலை செய்தவர்கள் இன்னமும் சிறையில் இருக்கிறார்கள். திரும்பிப் போனால் அவரும் அங்கேதான். மரியாதையால் ஒரு மனிதன் தன் கழுத்துக்குத் தானே சுருக்கு மாட்டிக்கொள்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மறுபரிசீலனைக்கு ஒரே ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது. அதுவரை ஹோட்டலில் இருக்க விட்டார்கள். ஹப்தோம் பயிற்சியை ஆரம்பித்தான்.

"பிஸ்கட் வேணுமாண்ணே?"

"நீ சாப்பிடு தம்பி."

ஹப்தோம் வாயில் போட்டுக்கொண்டான். "தப்பு. மறுபடியும். பிஸ்கட் வேணுமா?"

"உனக்குப் பத்தாதேப்பா..."

பாக்கெட் காலியானது. அடுத்த பாக்கெட்டும் காலியானது. ஹப்தோமுக்கு வயிற்று வலி வந்தது. கடைசியில் ஒருநாள் ஹூஷங் "வேணும்!" என்று கத்திப் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, செத்துப்போன அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு அழுதார்.

"அழுவாதண்ணே. நீ பொழச்சுக்குவ" என்றான் ஹப்தோம்.

மறுபரிசீலனை நாள். ஜிலியன் பக்கத்தில் புதிதாக ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அனுமதிக்கு அவர் ஒப்புதலும் வேண்டும். ஒரு டீக் கோப்பையை ஹூஷங் பக்கம் நீட்டினார். நீட்டி முடிப்பதற்குள் ஹூஷங் வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு வெந்துபோனது.

"ரூம் வேணுமா?" என்றாள் ஜிலியன்.

"வேணும்! ஜன்னல் வெச்சதா வேணும்!"

"அந்த மஃப்ளர்..."

"என்னோடது. தர மாட்டேன்."

"ஊருக்குப் போனா?"

"ஜெயில்ல போட்டு அடிப்பாங்க. என் கஷ்டம் பெரிய கஷ்டம் மேடம். உங்க கஷ்டத்தைவிட ரொம்பப் பெருசு!"

போனில் மொழிபெயர்ப்பாளர் அதையும் வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். ஹூஷங்குக்குக் காது மடலெல்லாம் வெட்கத்தில் சிவந்திருந்தது. ஆனால் ஜிலியன் முதல் முறையாகச் சிரித்தாள். ஒவ்வொரு பதிலாகத் தட்டி ஏற்றினாள். பழைய பதிவுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. லீட்ஸ் அறை திரும்ப வந்தது. ஹூஷங் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு தெளிவா யாரும் பேசினதில்ல" என்று பெரியவர் பக்கம் திரும்பினாள் ஜிலியன். "நீங்க ஓகே சொன்னா இப்பவே அனுமதி குடுத்துடறேன்."

பெரியவர் காலிக் கோப்பையைப் பார்த்தபடி மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"நான் தெஹ்ரான் தூதரகத்துல ரொம்ப வருஷம் இருந்தவன் ஜிலியன். நீட்டின உடனே டீயை வாங்கிக் குடிச்ச ஈரான்காரர் ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்ல. இந்த ஆளு வேற எந்த நாட்டுலேர்ந்து வந்தாருன்னு விசாரி."